மூன்று ஐம்பதுக்கு விட்ட கடைசி வண்டி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நாள், மணி, கிலோமீட்டர் கல் உட்பட எல்லாம் சொல்கிறேன். அந்த மலைச் சாலை இன்னும் அங்கேயே இருக்கிறது. பொய் சொல்வதென்று முடிவு செய்திருந்தால், என் முகத்தில் நானே கரி பூசிக்கொள்கிற மாதிரி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன்.

என் பெயர் ஹொங் ஜின்-தாவ். தைவானில், தைனான் நகரத்தில் இருபத்தேழு வருடமாக ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேய், ஆவியில் எல்லாம் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. இறந்தவர்கள் ஊருக்குள் வருவார்கள் என்று சொல்கிற ஆவி மாதத்தில் எல்லோரையும் போல நானும் கடை வாசலில் படையல் வைப்பேன். அது அக்கம்பக்கத்துக்காக. மற்றபடி எங்காவது ஒரு சத்தம் கேட்டால் அது பெல்ட்டா, பேரிங்கா என்று குனிந்து பார்க்கிறவன் நான்.

என் மகள் பெய்-ஷுவானுக்கு இருபத்து நான்கு வயது. போன வருடம் பிப்ரவரியில் அவளுக்குக் கிழக்குக் கரையில், தைதுங் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. சாமானை ரயிலில் போட்டுவிட்டு நீயும் ரயிலிலேயே போ என்றேன். கேட்கவில்லை. ஸ்கூட்டரிலேயே மலையைக் குறுக்கே கடந்து போகப் போகிறாளாம். அதுவும் தனியாக. அவள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் கிளம்பினேன்.

"தெற்கே இறங்கி, கடல் ஓரமாப் போயிடலாம்" என்றேன்.

"கடலைத்தான் இனிமே தினம் பாக்கப் போறேனே. மலைதான். ஊர்ல இருக்கிற எல்லா வண்டிக்கும் நீதான் எண்ணெய் மாத்துற. நீ ஒரு தடவையாச்சும் அந்த மலை ஏறியிருக்கியாப்பா?"

நான் டயரில் காற்றைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

அவள் ஓட்டிய வெள்ளை ஸ்கூட்டர் முன்பு என்னுடையது. ஒரு வருடம் முன்னால்தான் இன்ஜினை இறக்கிச் சரி பண்ணி அவளுக்குக் கொடுத்திருந்தேன். நான் புதிதாக வாங்கிய சாம்பல் நிற வண்டியில் போனேன். இரண்டு ஹெல்மெட்டிலும் பேசிக்கொள்ளும் கருவி ஒன்றை அவள் மாட்டிவிட்டிருந்தாள். காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசுவது மாதிரி கேட்கும். முதல் நாள் முழுக்க வாய் ஓயவில்லை.

"அப்பா, குரங்கு! வலது பக்கம், குட்டியோட!"

"ரோட்டைப் பாரு."

"நீ ஓட்டுறதைப் பாத்து பின்னாடி வர்ற தாத்தா கூட ஹாரன் அடிக்கிறாரு."

பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஊர் ஒரு படி கீழே இறங்கியது. சரிவெல்லாம் பிளம் மரங்கள் பூத்து வெள்ளையாக நின்றன. இரண்டாம் நாள் காலையில் மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. அவள் சிறுபிள்ளை மாதிரி கத்தினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுக்க நின்றாள். சீட்டுக்குப் பின்னால் கேரியரில் கட்டியிருந்த பெட்டி இரண்டு தடவை சரிந்தது. இதிலேயே நேரம் போய்விட்டது.

பிப்ரவரி ஒன்பது. பிற்பகல் 3:46. தொண்ணூற்றெட்டாவது கிலோமீட்டர் கல்.

அங்கிருந்து நூற்றொன்பது வரை பதினொரு கிலோமீட்டருக்குச் சாலை பாதிதான் உண்டு. மீதியை நிலச்சரிவு கொண்டுபோய்விட்டது. அதனால் ஒரு பக்கம் நிறுத்தி ஒரு பக்கம் விடுவார்கள். இரண்டு முனையிலும் தடுப்புக் கம்பு, ஒரு தகரக் கூடாரம், ஒரு ஆள். கடைசியாக வண்டி விடுவது 3:50-க்கு. அதற்கப்புறம் மறுநாள் காலைதான்.

தடுப்பில் நின்றது இபு என்கிற மலைவாசிப் பெண். கனத்த உடம்பு. வாயில் பாக்கு. நான்கு கார், ஒரு காய்கறி லாரி, பிறகு நாங்கள்.

"தங்கச்சி முன்னாடி போகட்டும். அண்ணே, நீங்கதான் கடைசி வண்டி. இந்தாங்க."

என் கையில் ஒரு மூங்கில் தடியைக் கொடுத்தாள். முனையில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது.

"அந்த முனையில உமாஸ்னு ஒருத்தர் இருப்பாரு. அவர்கிட்டதான் இதைக் கொடுக்கணும். இது கைக்கு வந்தாத்தான் உள்ள யாரும் இல்லன்னு அவருக்குத் தெரியும்."

"சரிம்மா."

"வழியில யாரு நிறுத்தினாலும் நிக்காதீங்க."

"யாரு நிறுத்துவா?"

அவள் பாக்கைத் துப்பினாள். "யாரும் நிறுத்த மாட்டாங்க. நிறுத்தினா நிக்காதீங்க. அவ்வளவுதான்."

என் வண்டி எண்ணைப் பார்த்து வாக்கி டாக்கியில் கீழ் முனைக்குச் சொன்னாள். கம்பு உயர்ந்தது. நாங்கள் உள்ளே போனதும் பின்னால் இறங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 3:50.

கார்களும் லாரியும் இரண்டாவது வளைவிலேயே கண்ணில் இருந்து மறைந்துவிட்டன. இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமில்லை. கீழே எங்கோ ஆறு ஓடுகிற சத்தம் மட்டும்.

4:02-க்கு மூடுபனி இறங்கியது. மலையில் பனி வருவது புதிதல்ல. ஆனால் இது கீழே இருந்து மேலே ஏறி வந்தது. சாலையின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறுவது மாதிரி. வெளிச்சம் இருந்தது. பகல்தான். ஆனால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் பாலாகிவிட்டது. மெல்லிய தூறலும் சேர்ந்துகொண்டது.

"ஷுவான், மெதுவாப் போ. என் விளக்கு தெரியுதா?"

"தெரியுதுப்பா. சூப்பரா இருக்கு. மேகத்துக்குள்ள ஓட்டுறேன்."

4:06. சாலையில் சேறு. அதில் லாரியின் டயர் தடம் புதிதாகக் கிடந்தது. அந்தத் தடத்தின் மேலேயே காலடிகள். ரப்பர் பூட்ஸ் அணிந்த ஒரு ஆளின் காலடிகள்... எங்களை நோக்கி வருகிற காலடிகள்.

லாரி போய்ப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. அதன் தடத்தின் மேல் யார் நடந்து வந்தது? வந்தவன் எங்கே? எங்களைத் தாண்டி யாரும் போகவில்லையே.

சாலை வேலை செய்கிற ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

4:09. விசில் சத்தம். ஒரு முறை. குட்டையாக.

"அப்பா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வேலை நடக்குது போல. நீ போய்க்கிட்டே இரு."

அவளுடைய சிவப்பு விளக்கு ஒரு வளைவில் திரும்பியது. நானும் திரும்பினேன். அங்கே நூற்று மூன்றாவது கிலோமீட்டர் கல். அதன் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான்.

மஞ்சள் மழைக்கோட்டு. தலையில் கூம்புத் தொப்பி. வாயில் விசில். உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக உயர்த்தினான்.

இபு சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் சாலையின் நடுவில் நிற்கிற ஆளை எப்படி இடித்துக்கொண்டு போவது? அதுவும் சீருடை மாதிரி உடை போட்டவனை. நிறுத்தினேன். கால் ஊன்றினேன்.

4:13.

அவன் என் கையில் இருந்த... இல்லை, முன்கூடையில் செருகியிருந்த தடியைப் பார்த்தான். பிறகு என்னைக் கடந்து பின்னால் போனான். குனிந்தான். என் வண்டியின் எண் பலகையில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சரக்... சரக்...

கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல முகம். மழைக்கோட்டு முழுக்கச் சேறு. காய்ந்த சேறு. வெடித்து, பாளம் பாளமாக நின்ற சேறு.

தூறிக்கொண்டிருக்கிறது. என் கையெல்லாம் நனைந்திருக்கிறது. அவன் மேல் மட்டும் சேறு காய்ந்தே இருந்தது.

"இது இல்ல" என்றான்.

நிமிர்ந்து என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, இருபத்தேழு பத்தொன்பது வந்துச்சா?"

அது ஷுவான் ஓட்டும் வண்டியின் எண். மேலே இருந்து வாக்கி டாக்கியில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். இபு சொன்னது என் எண்ணை மட்டும்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"வந்துச்சே. இப்பத்தான் உங்களைத் தாண்டி முன்னாடி போச்சு. என் பொண்ணுதான் ஓட்டுறா."

 அவன் உதடு நடுங்கியது. அழப்போகிற முகமா, சிரிக்கப்போகிற முகமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சுண்ணே" என்றான்.

திரும்பினான். ஷுவான் போன பக்கமாக நடந்தான். ஓடவில்லை. நிதானமாக நடந்தான். நான்கு எட்டில் பனி அவனை மூடிவிட்டது.

நான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். இன்ஜின் அணைந்திருந்தது. நான் அதை அணைக்கவேயில்லை.

அழுத்தினேன். இல்லை.

அழுத்தினேன். இல்லை.

இருபத்தேழு வருட மெக்கானிக். பேட்டரி புதிது. பிளக் புதிது. கிளம்புவதற்கு முதல் நாள் என் கையாலேயே போட்டது.

காதுக்குள் ஷுவானின் குரல்.

"அப்பா, விளையாடாதே."

"என்னம்மா?"

"பின்னாடி இருந்து தள்ளுறியே... பெட்டி சரியுது."

நான் எங்கே இருக்கிறேன், அவள் எங்கே இருக்கிறாள்?

"ஷுவான். நான் உன் பின்னாடி இல்ல. நிக்காதே. போ."

"இல்லையா? அப்ப... வண்டி ஏன் இப்படிக் கனக்குது?"

4:19. வண்டி கிளம்பியது. தானாகத் தூங்கி எழுந்தது மாதிரி. முறுக்கினேன். நடந்து போகிறவனை இரண்டு வளைவுக்குள் பிடித்துவிடலாம். பிடித்து, என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டுவிடலாம்.

முதல் வளைவு. யாரும் இல்லை.

இரண்டாவது. இல்லை.

ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பாதாளம். ஒதுங்கி நிற்க ஓரடி இடம் கிடையாது.

சேற்றில் மட்டும் பூட்ஸ் தடம். இப்போது அது முன்னால் போகிற தடம். ஷுவானின் டயர் தடத்தை ஒட்டியே போனது. நூறு மீட்டர் போனது.

பிறகு நின்றுவிட்டது.

டயர் தடம் மட்டும் தொடர்ந்தது. முன்பைவிட ஆழமாக.

"அப்பா..." குரல் தாழ்ந்துவிட்டது. "நீ மூச்சு விடுறியா? மைக்குல?"

"இல்ல."

"யாரோ விடுறாங்க."

"கண்ணாடியைப் பாக்காதே."

"பாத்துட்டேன்ப்பா."

"என்ன தெரியுது?"

"மஞ்சளா..."

கருவி கரகரத்தது.

பிறகு விசில். ஒரு முறை. குட்டையாக. வெளியே அல்ல.

என் ஹெல்மெட்டுக்குள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

4:24. சிவப்பு விளக்கு தெரிந்தது. அசையாமல் நின்றது.

சாலை அந்த இடத்தில் ஒரு காரின் அகலம்தான். விளிம்பில் இரும்புத் தடுப்பு அறுந்து காற்றில் தொங்கியது. ஷுவான் இரண்டு காலையும் ஊன்றி வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னால் பார்த்தபடி. தனியாகத்தான் இருந்தாள். பின்னால் பெட்டி மட்டும்.

"ஷுவான்."

"பின் சீட்டைப் பாருப்பா" என்றாள். தலையைத் திருப்பாமல்.

பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. என் கண் பழக்கத்தில் கீழே போனது. பின்பக்க ஷாக் அப்சர்பர்.

அந்த ஸ்பிரிங்கை நான்தான் மாற்றினேன். அவளும் பெட்டியும் ஏறினால் அது எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். அது முழுக்க நசுங்கி, அடி வரை இறங்கியிருந்தது. எழுபது கிலோ ஆள் ஒருவன் ஏறி உட்கார்ந்தால் இறங்குகிற அளவு.

மண் வாசனை. ஆழமாகத் தோண்டிய ஈர மண்ணின் வாசனை.

"ஓட்டு" என்றேன். "ஒண்ணும் பேசாதே. திரும்பாதே. மெதுவா ஓட்டு. நான் பின்னாடியே வர்றேன்."

அவள் ஓட்டினாள். நான் அந்த ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். குழியில் இறங்கியது. மேட்டில் ஏறியது. ஒவ்வொரு முறையும் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரியே குலுங்கியது. ஷுவான் அழுகிற சத்தம் மட்டும் காதில் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு. அவசரமில்லாத மூச்சு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் மூச்சு.

நூற்றொன்பதாவது கல். தகரக் கூடாரம். தடுப்புக் கம்பு உயர்ந்தே நின்றது. ஷுவானின் பின் சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டியது.

டங்.

ஸ்பிரிங் துள்ளி மேலே வந்தது. யாரோ இறங்கிவிட்ட மாதிரி.

அந்தப் பக்கம் பனியே இல்லை. மாலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கூடாரத்தில் இருந்து ஒருவர் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோள் அகன்ற மனிதர். தடியை வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "கடைசி வண்டி. நாலு முப்பத்தேழு."

அவர்தான் உமாஸ்.

ஷுவானின் முகத்தைப் பார்த்ததும் அவர் எதுவும் கேட்கவில்லை. கூடாரத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார். இஞ்சியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்க வைத்த நீரை ஒரு பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். பிறகு வெளியே வந்து எனக்கு ஒரு சிகரெட் நீட்டினார்.

"எங்க நிறுத்தினான்? நூத்தி மூணுலயா?"

தலையை ஆட்டினேன்.

"பயப்படாதீங்கண்ணே. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான். என் தம்பிதான். பேரு பியுங்."

சிகரெட் பற்றவே இல்லை.  அவரே பற்றவைத்துக் கொடுத்தார்.

"மூணு வருஷம் ஆச்சு. செப்டம்பர் புயல் அன்னிக்கு. இந்தத் தடுப்புல அவன்தான் நின்னான். மேல இருந்து கடைசி வண்டி விட்டாச்சுன்னு சொன்னாங்க. மூணு அம்பதுக்கு. ஒரு ஸ்கூட்டர். அதோட வாக்கி டாக்கி மேல் பக்கம் செத்துப்போச்சு. இவன் காத்துக்கிட்டு நிக்கிறான். நாலே முக்கால் ஆச்சு. வண்டி வரல. எனக்கு போன் போட்டான். 'அண்ணே, கடைசி வண்டி வரல, உள்ள போய்ப் பாத்துட்டு வர்றேன்'னான். போகாதேடான்னேன். 'ஸ்கூட்டர்காரன்ண்ணே, எங்கயாச்சும் விழுந்து கிடப்பான்'ன்னான். அஞ்சு இருபதுக்கு மலை இறங்குச்சு. மேல் பக்கத்துக் கூடாரமும் அன்னிக்கு ராத்திரியே போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் தம்பி உடம்பு கிடைக்கல."

"அந்த... ஸ்கூட்டர்?"

"அதுவும் மண்ணுக்குள்ளதான் இருக்கும். பாவம், யாரு பெத்த பிள்ளையோ. பனி இறங்குற நாள்ல தம்பி கடைசி வண்டியை நிறுத்துவான். எண்ணைத் துடைச்சுப் பாப்பான். ஒரே கேள்விதான். 'இருபத்தேழு பத்தொன்பது வந்துச்சா'ன்னு. முன்னாடி எழுத்து என்னன்னு அவனும் சொல்றதில்ல. போலீஸ்ல போய்ச் சொன்னேன். பேய் சொன்ன நம்பரையா தேடச் சொல்றன்னு சிரிக்கிறாங்க." புகையை ஊதினார். "உங்ககிட்டயும் அதேதான் கேட்டானா?"

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். "வந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

இப்போது அந்த அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, செப்டம்பரில், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு நாள் அந்த வெள்ளை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தொண்ணூற்றெட்டாவது கல்லுக்கு 3:48-க்கு வந்தேன். ஒரு பெரியவர் என் கையில் தடியைத் திணித்து, புயல் வருகிறது, சீக்கிரம் போ, உன்னோடு அடைக்கிறோம் என்றார். இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். பாறையில் இருந்து சின்னச் சின்னக் கல் உதிர ஆரம்பித்தது. ஒன்று என் ஹெல்மெட்டில் பட்டது. பயந்துவிட்டேன். வண்டியைத் திருப்பினேன். மேலே வந்தால் கூடாரம் பூட்டியிருந்தது. பெரியவர் போய்விட்டார். தடியைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் தொலைக்காட்சியில் சாலை போன செய்தியைப் பார்த்து, நல்லவேளை தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அந்தத் தடிக்காக மறுமுனையில் ஒருவன் காத்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை என்றுதான் எழுதப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன் என்றேனே. தோன்றியது. இறங்கி வருகிற வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்தேன். மணி நாலரை. கடைச் சுவரில் சாலை அலுவலகத்தின் எண் ஒட்டியிருந்தது. என் சட்டைப்பையில் போன் இருந்தது. நான் போன் போடவில்லை. குளிராக இருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

உமாஸிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் எதிரில்தான் நின்றார். என் மகள் அவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் வரை வந்தது.

அப்போது உமாஸ் ஷுவானின் வண்டிப் பக்கமாக நடந்தார். பெட்டி சரிந்திருந்ததைக் கட்டிவிடலாம் என்று.

நான் முந்திக்கொண்டு ஓடினேன். குனிந்தேன். வண்டி முழுக்கச் சேறு. எண் பலகை மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் தடம். காய்ந்த மண்ணால் பதிந்த தடம்.

சக்கரத்தில் இருந்து கைநிறையச் சேற்றை எடுத்து அந்த எண்ணின் மேல் அப்பினேன்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. பிரேக்கைப் பாக்குறேன்."

அவர் பெட்டியை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். தைதுங்கில் ஏதாவது உதவி தேவைப்பட்டால் கூப்பிடச் சொல்லி போன் எண் கொடுத்தார். நான் என்ன தொழில் என்று கேட்டு, என் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டார். ஷுவான் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவர் யாருப்பா? என் பின்னாடி உக்காந்தது?"

"பனியில ஏதேதோ தெரியும். வா."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம் தைதுங் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் வெறும் காற்றுச் சத்தம்தான். என் புது வண்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளை ஸ்கூட்டரை நான் கடல் ஓரச் சாலை வழியாகத் தைனானுக்கு ஓட்டி வந்தேன். பெரும்பாலும் கண்ணாடியைப் பார்க்காமல். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைக் கடையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன்.

ஜூன் மாதம் பதினேழாம் தேதி காலை 10:15. பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. உமாஸ்.

"அண்ணே, தம்பி கிடைச்சுட்டான்."

சாலையை அகலப்படுத்த இயந்திரம் தோண்டியிருக்கிறது. நூற்று நான்காவது கல் பக்கம். ஒன்பது மீட்டர் மண்ணுக்கு அடியில். மழைக்கோட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம். அடக்கம் செய்தாகிவிட்டது.

"இன்னொரு விஷயம். நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் எத்தனையோ தடவை பனி இறங்கிடுச்சு. அவன் ஒருத்தரையும் நிறுத்தலண்ணே. ஒருத்தரையும்."

கையில் இருந்த பெல்ட்டைக் கீழே வைத்தேன்.

"இப்ப ஏன் கூப்பிட்டேன்னா, நீங்க மெக்கானிக் ஆச்சே, உங்களுக்கு ஆள் பழக்கம் இருக்கும். கோட்டோட உள் பையில அவனோட குறிப்பு நோட்டு. பிளாஸ்டிக் உறையில பத்திரமா இருக்கு. கடைசி வண்டியோட முழு நம்பர் அதுல இருக்கு, எழுத்தோட சேத்து. யாரு வண்டின்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா? அந்த ஆள்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"அந்த ஸ்கூட்டர் மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னுதானே நான் இத்தனை வருஷமா நினைச்சேன். ஆனா நோட்டுல வேற மாதிரி இருக்கு. உள்ள விட்ட நேரம் மூணு அம்பதுன்னு எழுதியிருக்கான். பக்கத்துலயே வந்து சேந்த நேரமும் எழுதியிருக்கான். நாலு முப்பத்தேழு. வண்டி வந்துடுச்சுன்னா இவன் எதுக்குண்ணே உள்ள போனான்? யாரைத் தேடிப் போனான்?"

 பின்பக்கத்தில் தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது."

"அவன் கையெழுத்துதான். எனக்குத் தெரியாதா? ரெண்டு நேரமும் அவன் எழுதினதுதான். ஆனா மூணு அம்பது மங்கி, கஷ்டப்பட்டுத்தான் படிக்க முடியுது. நாலு முப்பத்தேழு மட்டும்..." உமாஸ் கொஞ்சம் நிறுத்தினார். "நேத்து விரல் பட்டுச்சு. மை ஒட்டுதுண்ணே."